ஏமாளிகளில் ஒருத்தி எழுதுவது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் உங்கள் கட்டுரையாளர், 2014-ல் பாகிஸ்தானின் பெஷாவர் பள்ளிக்கூடத்தில் பயங்கரவாதிகள் கொன்ற குழந்தைகளுக்காக நம் பிள்ளைகளை இரண்டு நிமிடம் நிற்கவைத்தது ஏமாளித்தனம் என்று எழுதியிருக்கிறார். நிற்கவைத்த ஏமாளிகளில் நானும் ஒருத்தி. ஆகவே நாலு வரி சொல்ல எனக்கும் உரிமை உண்டென்று நினைக்கிறேன்.

டிசம்பர் 17, அரையாண்டுத் தேர்வு நேரம். பிரதமர் கேட்டுக்கொண்டார் என்பதற்காக மட்டும் நாங்கள் நிற்கவில்லை ஐயா. என் ஊர் கும்பகோணம். 2004 ஜூலையில் 94 குழந்தைகளைத் தீக்குக் கொடுத்த ஊர். பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளை வீடு திரும்பாவிட்டால் பெற்றவள் என்ன ஆவாள் என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "அங்கயும் நேத்து பரீட்சையா டீச்சர்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அவளையும் உங்கள் கட்டுரையாளர் ஏமாளிக் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும்.

அவர் கோட்டைவிட்ட ஒரு வாதத்தை நானே எடுத்துத் தருகிறேன். நாங்கள் நின்றதற்கு மறுநாள், டிசம்பர் 18 அன்று, மும்பைத் தாக்குதலைத் திட்டமிட்டதாகக் குற்றம் சாட்டப்பட்ட லக்விக்குப் பாகிஸ்தான் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. 166 உயிர் போன வழக்கு! செய்தியைப் படித்து வயிறு எரிந்தவர்களில் நானும் உண்டு. புல்வாமாவில் இறந்த 40 வீரர்களில் ஒருவர் அரியலூர் மாவட்டம், ஒருவர் தூத்துக்குடி மாவட்டம். பஹல்காமில் சுற்றுலா போன இடத்தில் 26 பேரைச் சுட்டுப் போட்டார்கள். கோபத்தை உங்கள் கட்டுரையாளர் ஒன்றும் குத்தகைக்கு எடுக்கவில்லை. என் கோபம் சுட்டவன்மேலும் அவனை வளர்த்துவிட்டவன்மேலும். பெஷாவரில் பிள்ளையைப் புதைத்தவள் எனக்கு என்ன செய்தாள்?

உங்களுக்குத் தெரியாததில்லை, தேதிகளைப் பாருங்கள். 2007 பிப்ரவரியில் பாகிஸ்தான் வெளியுறவு அமைச்சர் டெல்லி வர இருந்த நேரத்தில் இரு நாட்டையும் இணைத்த சம்ஜவுதா எக்ஸ்பிரஸ் ரயிலில் குண்டு. மும்பைத் தாக்குதல் தொடங்கிய 2008 நவம்பர் 26 அன்று அந்நாட்டு வெளியுறவு அமைச்சர் குரேஷி டெல்லியில்தான் இருந்தார். 2015 டிசம்பர் 25-ல் மோடி லாகூர் போய்வந்தார். ஜனவரி 2-ல் பதான்கோட் விமானப்படைத் தளத்தில் தாக்குதல். யார் வைத்த குண்டானாலும் நாள் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். இரண்டு ஜனங்களும் முகம் பார்த்துப் பேசிவிடக் கூடாது என்பதுதான் அவர்களுக்கு வேண்டியது. அதை நிறைவேற்றிக் கொடுக்க உங்கள் பத்திரிகை எதற்கு?

1999-ல் சேப்பாக்கத்தில் பாகிஸ்தான் 12 ரன்னில் ஜெயித்தபோது எழுந்து நின்று கைதட்டிய கூட்டத்தில் என் தம்பியும் இருந்தான். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வான். அதே வருடம் கார்கில் வந்தது, குரல் இறங்கிற்று. மும்பைக்குப் பிறகு பேச்சையே எடுப்பதில்லை. துபாயில் நம் கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் பாகிஸ்தான் அணியோடு கைகுலுக்காமல் திரும்பியபோது, "சரியாத்தான் செஞ்சாங்க" என்றான். அவன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. இப்படி எத்தனை தம்பிகள் வாயடைத்துப் போனார்கள் என்பதல்லவா நீங்கள் எழுத வேண்டிய கட்டுரை? ஈட்டி எறிதல் வீரர் நீரஜ் சோப்ராவின் அம்மா, தங்கம் வென்ற பாகிஸ்தானின் அர்ஷத் நதீமும் எங்கள் பிள்ளைதான் என்றபோது நாடே கொண்டாடியது. தன் போட்டிக்கு வரும்படி நதீமுக்கு நீரஜ் பஹல்காமுக்கு முன்பே அனுப்பிய ஓர் அழைப்புக்காக மறு வருடமே அந்தக் குடும்பத்தை ஏசித் தீர்த்தார்கள். அப்போது நீங்கள் ஒரு வரி எழுதினீர்களா?

சிகிச்சைக்கு வந்த பாகிஸ்தான் குழந்தைகளைப் பாதியில் திருப்பி அனுப்பியபோது நான் எழுதிய கடிதத்தைப் போட்டீர்கள், நன்றி. பயங்கரவாதிகளைக் கண்டித்த முதல் பாதி மட்டும் வந்திருந்தது. பிற்பாதி அச்சகத்தில் காணாமல் போயிருக்கும்.

என் கோரிக்கை சின்னது. அந்தக் கட்டுரை வந்த பக்கத்திலேயே பயங்கரவாதத் தாக்குதல்கள் என்று ஒரு பெட்டிச் செய்தி போட்டிருக்கிறீர்களே, அதில் பெஷாவர் இல்லை. போகட்டும், அது அவர்கள் ஊர். சம்ஜவுதாவும் இல்லை. அது வெடித்தது பானிபட் பக்கத்தில், நம் மண்ணில், நம் ரயிலில். செத்தவர்கள் 68 பேர், பெரும்பாலும் பாகிஸ்தானியர். 2019-ல் பஞ்ச்குலா நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட நால்வரையும் விடுவித்ததோடு எல்லாரும் மறந்தாயிற்று. அடுத்த இதழில் ஒரு திருத்தம், இந்த இரண்டு பெயர்களோடு. இரண்டே வரி.

இந்தக் கடிதத்தையும் முழுதாகப் போடுங்கள். இடம் போதாவிட்டால் கட்டுரையாளரின் புகைப்படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கும்பகோணம்