சிம்மை யாரும் காப்பி அடிக்கவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

வங்கி மோசடி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், 'அவருடைய சிம் கார்டைக் காப்பி அடித்துப் பணத்தை எடுத்துவிட்டார்கள்' என்று ஒரு வரி இருந்தது. பதினாறு வருடமாகச் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். அந்த வரியோடு எனக்குச் சண்டை.

சிம்மில் வெறும் போன் நம்பர்தான் இருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது விரல் நகத்தளவு கம்ப்யூட்டர். அதற்குள் 128 பிட் ரகசியச் சாவி ஒன்று இருக்கிறது. அதே சாவி கம்பெனியின் சர்வரிலும் இருக்கிறது. போனை ஆன் செய்தால் நெட்வொர்க் ஏதாவது ஓர் எண்ணை அனுப்பும். சிம் அந்த எண்ணோடு சாவியைச் சேர்த்துக் கணக்குப் போட்டு, விடையை மட்டும் அனுப்பும். அங்கேயும் அதே கணக்கு. இரண்டு விடையும் ஒத்துப்போனால்தான் டவர் கிடைக்கும். சாவியை சிம் வெளியே விடாது, அது செருகியிருக்கும் போனுக்குக்கூடக் காட்டாது. 1998-ல் அமெரிக்காவில் சில ஆய்வாளர்கள் காம்ப்128 என்ற பழைய கணக்குமுறை உள்ள சிம்மிலிருந்து சாவியைக் கறந்து காட்டினார்கள், உண்மைதான். அதற்கும் கார்டு அவர்கள் கையில் மணிக்கணக்கில் இருக்க வேண்டியிருந்தது. 3ஜி வந்தபிறகு டவர் அசலா போலியா என்று சிம்மும் பதிலுக்குச் சோதிக்கிறது.

சரி, அப்புறம் பணம் எப்படிப் போகிறது? கவுண்டர் வழியாக. 'போன் தொலைந்துவிட்டது' என்று போலி ஆவணத்தோடு ஒருவன் போய் நின்று டூப்ளிகேட் சிம் வாங்கிவிடுகிறான். பெயர்தான் டூப்ளிகேட், அது புது சாவியோடு வரும் புது கார்டு. உங்கள் நம்பரை அதோடு இணைத்துவிடுவார்கள், உங்கள் போனில் டவர் செத்துவிடும், வங்கி அனுப்பும் ஓடிபி அவன் கைக்குப் போய்விடும். காரணமில்லாமல் டவர் போய் அரை மணி நேரம் வராவிட்டால், போனை ஆஃப் செய்து ஆன் செய்துகொண்டிருக்காமல் வேறு போனிலிருந்து வங்கிக்குப் பேசுங்கள். மாற்று சிம் வாங்கிய 7 நாளுக்குள் நம்பரை வேறு கம்பெனிக்குப் போர்ட் செய்ய முடியாது என்று 2024 ஜூலை 1 முதல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி இருப்பதும் இந்தத் திருட்டுக்குப் பயந்துதான்.

இன்னொரு ஓட்டை நம் வீட்டிலேயே இருக்கிறது. போன மாதம் ஒரு டீச்சர் பஸ்ஸில் போனைப் பறிகொடுத்துவிட்டு வந்தார். 'கைரேகை லாக் போட்டிருக்கிறேன் தம்பி, திறக்கவே முடியாது' என்றார். நான் என் போனிலிருந்த சிம்மை ஊசியால் தள்ளி எடுத்து, கடையிலிருந்த பழைய பட்டன் போனில் போட்டேன். கடையிலிருந்த இன்னொரு போனைக் கொடுத்து, அவரையே என் நம்பருக்கு ஒரு மெசேஜ் அனுப்பச் சொன்னேன். பட்டன் போன் கீச்சென்று கத்தியது. ஓடிபியும் இப்படித்தானே வரும்! அவர் முகம் வெளுத்துவிட்டது.

சிம்முக்கென்றே ஒரு பின் உண்டு. செட்டிங்ஸில் சிம் லாக் என்று இருக்கும். அதைப் போட்டுவிட்டால் வேறு எந்தப் போனில் செருகினாலும் பின் கேட்கும். முதலில் கம்பெனி கொடுத்த பழைய பின்னைத் தெரிந்துகொண்டு மாற்றுங்கள். மூன்று முறை தப்பாக அடித்தால் சிம் பூட்டிக்கொள்ளும், அதைத் திறக்க பியுகே என்ற 8 இலக்க எண்ணைக் கேட்கும். அதையும் பத்து முறை தப்பாக அடித்தால் கார்டு குப்பைக்குத்தான்.

புது சிம் வாங்கிய கையோடு டீச்சர் பின் போட்டுக்கொண்டார். நாலே நாளில் மறந்தும் போனார். நல்லவேளை, பியுகே அச்சடித்திருந்த அட்டையைத் தூக்கிப் போடாமல் அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தார்.

— செல்போன் சர்வீஸ் கடைக்காரர், விருதுநகர்