ஃபிராங்க்ஃபர்ட் பயணத்தில் என் சைக்கிள் சேதமானது பற்றிய புகார்

அனுப்புநர்:
தங்கள் விமானத்தில் சென்ற பயணி,
அம்பத்தூர், சென்னை.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
பயணிகள் குறைதீர்ப்புப் பிரிவு.

நாள்: 26.08.2024

பொருள்: ஜூலை 5 அன்று ஃபிராங்க்ஃபர்ட்டில் சேதமடைந்த நிலையில் என்னிடம் கொடுக்கப்பட்ட சைக்கிளுக்கு இழப்பீடு கோருதல், இம்மாதம் வந்த தங்கள் மறுப்புக் கடிதத்துக்குப் பதில்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். என் முதல் புகாருக்கு நீங்கள் நான்கு வரியில் பதில் அனுப்பியிருந்தீர்கள். சைக்கிளை என் சொந்தப் பொறுப்பில்தான் ஏற்றியதாகச் சென்னை கவுன்டரில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அதனால் இழப்பீடு கிடையாது என்பது அதன் சாரம். அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. நடந்தது முழுவதையும் மறுபடி எழுதுகிறேன். இந்த முறை தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

யூரோபைக் பார்க்கப் போக வேண்டும் என்பது எனக்குப் பல வருட ஆசை. 1991இல் ஜெர்மனியின் தென்கோடியில், போடன்சே ஏரிக்கரையில் இருக்கும் ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபனில் தொடங்கிய சைக்கிள் தொழில் கண்காட்சி அது. 2022இலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டில் நடக்கிறது. இந்த வருடம் ஜூலை 3 முதல் 7 வரை. முதல் மூன்று நாள் வியாபாரிகளுக்கு. சனி, ஞாயிறு என்னைப் போன்ற பொதுமக்களுக்கும் திறந்துவிடுவார்கள். நான் கடை வைத்திருப்பவன் இல்லை. கணக்கு வேலை பார்ப்பவன், இருபது வருடமாக விடாமல் சைக்கிள் மிதிப்பவன். ஆகவே 5ஆம் தேதி வெள்ளிக்கிழமை போய் இறங்குவது போல் டிக்கெட் எடுத்தேன்.

கண்காட்சி பாதிதான். அது முடிந்த மறுநாள், திங்கட்கிழமை, என் சொந்த சைக்கிளில் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து மைன் ஆற்றங்கரையோடு கிளம்பி, ரூசல்ஸ்ஹைம் வழியாக மைன்ஸ் போய், அங்கிருந்து ரைன் ஆற்றை ஒட்டி வோர்ம்ஸ் தாண்டி மன்ஹைம் வரை மிதிப்பது என் திட்டம். ஏறக்குறைய 120 கிலோமீட்டர், இரண்டு நாள். இன்று கார் கம்பெனியாகத் தெரிகிற ஓப்பல், ரூசல்ஸ்ஹைமில் 1886இலேயே சைக்கிள் செய்ய ஆரம்பித்து, 1920களில் உலகத்திலேயே பெரிய சைக்கிள் உற்பத்தியாளராக இருந்தது. மன்ஹைமோ எங்களுக்கு மூலஸ்தானம் மாதிரி. கார்ல் டிரைஸ் என்ற வன அதிகாரி, பெடல் இல்லாத, காலால் உந்தி ஓட்டுகிற தன் இரண்டு சக்கர மர வண்டியை 1817 ஜூன் 12 அன்று அந்த ஊரிலிருந்துதான் முதன்முதலாக வெளியே ஓட்டிப் போனார். ஷ்வெட்சிங்கன் சாலையில் குதிரை மாற்றும் விடுதி வரை போய், ஒரு மணி நேரத்துக்குள் திரும்பி வந்தார். அந்தச் சாலையில் என் சைக்கிளிலேயே போய் நிற்க வேண்டும் என்றுதான் உங்களுக்கு விளையாட்டுச் சாமான் கட்டணம் 7,500 ரூபாய் தனியாகக் கட்டி அதை ஏற்றினேன்.

இப்போது பேக்கிங். பெட்டி சரியில்லை என்பது போல் ஒரு வரி உங்கள் கடிதத்தில் இருப்பதால் விவரமாகவே சொல்கிறேன். சைக்கிள் கடையிலிருந்து வாங்கிய கனமான இரட்டை அடுக்கு அட்டைப்பெட்டி. உங்கள் இணையதளத்தில் 'கடினப் பெட்டி அல்லது சைக்கிளுக்கான அட்டைப்பெட்டி' என்றுதான் போட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்திருக்கிறேன். இரண்டு சக்கரமும் கழற்றினேன். டயரில் காற்றைக் குறைத்தேன். பெடல் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பிக் கட்டினேன். பின்னால் இருக்கும், கியர் மாற்றும் டெரெய்லரைக் கழற்றி, பஞ்சு உறையில் சுற்றி, ஃப்ரேமுக்கு உள்பக்கமாகக் கட்டினேன். முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் இரண்டு கால்களுக்கு நடுவில் 100 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தாங்கி. பின்சக்கர அச்சு உட்காரும் டிராப்-அவுட்டுகளுக்கு நடுவில் அதேபோல் 135 மில்லிமீட்டர் தாங்கி. ஃப்ரேம் குழாய் ஒவ்வொன்றுக்கும் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் நுரை உறை. சக்கரத்தை இறுக்கும் ஸ்க்யூவர், ஸ்பேசர், போல்ட் எல்லாம் ஜிப் பையில் போட்டு ஃப்ரேமோடு சேர்த்துக் கட்டினேன். நான்கு பக்கமும் மேல்நோக்கிய அம்புக்குறி, 'உடையக்கூடியது' ஸ்டிக்கர். எடை 21 கிலோ. முந்தைய இரவு முழுக்க இந்த வேலைதான். என் மனைவி டேப் பிடித்துக்கொண்டு கூடவே உட்கார்ந்திருந்தார்.

சென்னை கவுன்டரில் இருந்த உங்கள் ஊழியர் பெட்டியைச் சுற்றிப் பார்த்தார், எடை போட்டார், நன்றாகப் பேக் பண்ணியிருக்கிறீர்கள் என்றார். அப்புறம் ஒரு சிறிய டேக்கை நீட்டி, 'சைக்கிள்னா எல்லாரும் இதுல கையெழுத்துப் போடணும் சார்' என்றார். போடாவிட்டால் ஏற்ற மாட்டார்கள் என்றும் சொன்னார். பின்னால் நீண்ட வரிசை. போட்டேன். அந்தக் கையெழுத்தைத்தான் இன்று எனக்கு எதிராகக் காட்டுகிறீர்கள்.

ஃபிராங்க்ஃபர்ட்டில் பெரிய சாமான்கள் வரும் கதவருகே முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். பெட்டி படுக்கை வாட்டில் ஒரு தள்ளுவண்டியில் வந்தது. ஒரு பக்கம் முழுக்க உள்ளே அமுங்கி, மூலை கிழிந்து, கிழிசல் வழியாக ஃபோர்க்கின் ஒரு கால் வெளியே தெரிந்தது. ஜிப் பை இல்லை. பெட்டியை அங்கேயே தரையில் வைத்துத் திறந்தேன். பின்பக்கத் தாங்கி உடைந்து, டிராப்-அவுட்டுகளின் இடைவெளி 135இலிருந்து 121 மில்லிமீட்டராகக் குறுகியிருந்தது. ஃபோர்க்கின் இடது கால் பின்னோக்கி வளைந்து, குழாயில் கட்டைவிரல் பதியும் அளவுக்குப் பள்ளம். பெடலோடு சுழலும் பெரிய பல்சக்கரம், அதாவது செயின்ரிங், வளைந்திருந்தது.

இரும்புக் குழாய் ஃப்ரேம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது சும்மா வளையாது. நானும் அதுவும் சேர்ந்து பலமுறை விழுந்திருக்கிறோம். கொல்லிமலை இறக்கத்தில் ஒரு தடவை மோசமாக. அப்போதெல்லாம் பெயின்ட் உரிந்ததோடு சரி. தாங்கியையும் உடைத்துக்கொண்டு 14 மில்லிமீட்டர் உள்ளே போக வேண்டுமென்றால், நிமிர்த்தி வைக்க வேண்டிய பெட்டியைப் படுக்க வைத்து, அதன் மேல் பெரும் பாரத்தை ஏற்றியிருக்க வேண்டும். இது என் ஊகம் மட்டும் இல்லை. ஃபிராங்க்ஃபர்ட் பட்டறைக்காரர் எழுத்தில் கொடுத்த அறிக்கையிலும் 'பக்கவாட்டிலிருந்து வந்த அதிக அழுத்தம்' என்றே இருக்கிறது. பிரதியை இணைத்திருக்கிறேன்.

பெட்டி கையில் கிடைத்த ஒரு மணி நேரத்துக்குள் விமான நிலையத்திலேயே உடைமைச் சேத அறிக்கை பதிவு செய்துவிட்டேன். அந்த மேசையில் இருந்தவர் மரியாதையாகப் பேசினார், பதினோரு படங்கள் எடுத்தார். ஆனால் உடனடி உதவி எதுவும் தன் கையில் இல்லை, உங்கள் அலுவலகத்தைத் திங்கட்கிழமைதான் பிடிக்க முடியும் என்றார்.

வெள்ளி மாலை நான்கரைக்கு விடுதியில் பெட்டியைப் போட்டுவிட்டுப் பட்டறை தேடி ஓடினேன். அன்று ஆறு மணிக்கு யூரோ கோப்பையில் ஜெர்மனிக்கும் ஸ்பெயினுக்கும் கால் இறுதி. முதலில் போன பட்டறையை அதற்காக முன்கூட்டியே சாத்திவிட்டார்கள். அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறப்பதில்லை. ஆக எனக்கு இருந்தது சனிக்கிழமை காலை மட்டும். அன்று கண்காட்சிக்கு ஒன்பது மணிக்கே போய் நிற்க வேண்டியவன், வளைந்த ஃபோர்க்கைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பட்டறை வாசலில் நின்றேன். பார்த்தவர் ஃப்ரேமைக் கையாலேயே வளைத்து நேராக்கிவிடலாம் என்றார். ஃபோர்க்கைத் தொடவே மாட்டேன் என்றார். பள்ளம் விழுந்த ஃபோர்க் எப்போது முறியும் என்று யாராலும் சொல்ல முடியாது, முறிந்தால் முகம்தான் முதலில் தரையில் படும். மாற்று ஃபோர்க் அவரிடம் இல்லை.

கண்காட்சிக்குள் நுழைந்தபோது மதியம் ஒன்று. அந்த ஒன்றரை நாளை நான் எப்படிக் கழித்தேன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். வாசலில் சுத்தியல் தூக்கிய அந்தப் பெரிய கறுப்பு மனிதச் சிலையைப் பல வருடமாகப் படத்தில் பார்த்தவன், அன்று ஏறெடுத்துப் பார்க்காமல் உள்ளே போனேன். அரங்கு அரங்காகச் சைக்கிள்கள். சரக்கு ஏற்றும் நீள வண்டிகள், பெல்ட்டில் ஓடுபவை, குழந்தைகளை முன்னால் உட்காரவைக்கும் பெட்டி வண்டிகள், எங்கு திரும்பினாலும் மின்சைக்கிள். போன வருடம் ஜெர்மனியில் விற்ற சைக்கிள்களில் பாதிக்கு மேல் மின்சைக்கிள்தானாம். இதையெல்லாம் நின்று நிதானமாகப் பார்க்க வந்தவன், ஒவ்வொரு ஸ்டாலிலும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு திரிந்தேன்: '1⅛ அங்குல நேர் ஸ்டியரர், 9 மில்லிமீட்டர் குவிக் ரிலீஸ், கான்டிலீவர் பிரேக் மாட்ட இடம் இருக்கிற ஃபோர்க் இருக்கிறதா?'

அதாவது, என் பழைய சைக்கிளுக்குப் பொருந்தும் ஃபோர்க். இல்லை. அங்கே இருந்தவை அனேகமாக எல்லாம் அடியில் அகலமாகும் ஸ்டியரர், 12 மில்லிமீட்டர் அச்சு, டிஸ்க் பிரேக். தொழில் அந்தப் பக்கம் போய்ப் பல வருடமாகிறது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. பார்த்துத் தெரிந்துகொள்ளத்தானே போனேன். அதோடு கண்காட்சியில் சாமானைக் காட்டுவார்கள், எடுத்து விற்பது அபூர்வம். கையால் ஃப்ரேம் கட்டும் பெரியவர் ஒருவர் மட்டும் என் போனில் படத்தைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தார். புதிதாகக் கட்டித் தர ஆறு வாரம் ஆகும் என்றார். போகும்போது என் தோளைத் தட்டினார். வெளியே ஓட்டிப்பார்க்கும் தடத்தில் ஒரு வண்டியைக்கூட நான் ஏறி ஓட்டவில்லை. இருபது வருடம் காத்திருந்து போன இடத்தில் உதிரிபாகம் தேடியே என் பொழுது போனது.

ஆற்றங்கரைப் பயணம் நடக்கவில்லை. திங்களன்று உங்களுக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் அனுப்பிவிட்டு ரயிலில் மன்ஹைம் போனேன். அங்கே இரண்டு நாளுக்கு 50 யூரோ கொடுத்து ஒரு வாடகை சைக்கிள் எடுத்து, டிரைஸ் திரும்பிய அந்த இடம் வரை, இன்றைய ரைனாவ் பகுதி வரை, போய்வந்தேன். சீட் உயரம் சரியாக அமையவில்லை, முட்டி வலித்தது. ஆனாலும் போனேன்.

இனி சட்டம். சர்வதேச விமானப் பயணத்தில் நிறுவனத்தின் பொறுப்பை வரையறுக்கும் மாண்ட்ரியல் ஒப்பந்தத்தில் இந்தியா 2009இலிருந்து இருக்கிறது. சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் போகும் பயணத்துக்கு அது பொருந்தும். அதன் 17ஆம் பிரிவுப்படி, ஒப்படைத்த உடைமை உங்கள் பொறுப்பில் இருக்கும் நேரத்தில் சேதமானால் பொறுப்பு உங்களுடையது. அந்தப் பொருளுக்கே உள்ள குறையால் சேதமானால்தான் விலக்கு. முதல் நாள் வரை ஓடிய சைக்கிளுக்கு அப்படி ஒரு குறையும் இல்லை. அப்புறம் அந்தக் கையெழுத்து. 26ஆம் பிரிவைப் பாருங்கள். நிறுவனத்தின் பொறுப்பை நீக்கவோ, ஒப்பந்தம் வைத்த வரம்புக்குக் கீழே குறைக்கவோ எழுதி வாங்கும் எந்த நிபந்தனையும் செல்லாது என்று அது சொல்கிறது. என்னிடம் வாங்கிய டேக் அப்படிப்பட்டதுதான். சேதத்தை ஏழு நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது 31ஆம் பிரிவு. நான் அன்றே அறிக்கை பதிந்து, ஜூலை 8 அன்று, அதாவது மூன்றாம் நாளில், எழுதியும் அனுப்பிவிட்டேன்.

நான் பயணம் செய்த 2024 ஜூலையில் உடைமைக்கு ஒரு பயணிக்கான வரம்பு 1,288 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), நம் பணத்தில் சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். நான் கேட்பது அதில் பாதிகூட இல்லை. ஃபோர்க் புதிதாகச் செய்து பெயின்ட் அடிக்க 31,000 ரூபாய், ஃப்ரேம் நேராக்கியதற்கு இங்கே கொடுத்த 3,500, செயின்ரிங் 6,400, காணாமல்போன ஜிப் பைச் சாமான்கள் 3,100, ஃபிராங்க்ஃபர்ட் பட்டறை அறிக்கைக்கு 3,200, வாடகை சைக்கிளுக்கு 4,600, போகும் வழிக்கு உங்களிடம் கட்டிய 7,500. மொத்தம் 59,300 ரூபாய். ஒவ்வொன்றுக்கும் ரசீது அல்லது விலைப்பட்டியல் இணைத்திருக்கிறேன். மன உளைச்சலுக்கு என்று ஒரு ரூபாய்கூடச் சேர்க்கவில்லை.

பணத்தைத் தவிர இன்னொன்றும் கேட்கிறேன், இதையும் அதே அளவு முக்கியமாக எடுத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் பெட்டிகளை நிமிர்த்தி வைத்து ஏற்றச் சொல்லி உங்கள் சரக்கு ஊழியர்களுக்கு எழுத்தில் உத்தரவு கொடுங்கள். தனிக் கட்டணம் வாங்குகிறீர்கள், தனிக் கவனம் வேண்டும். கவுன்டரில் அந்த டேக்கைக் கட்டாயப்படுத்தி வாங்குவதை நிறுத்துங்கள். ஃபிராங்க்ஃபர்ட் வட்டார ரயிலில் கட்டணமே வாங்காமல் சைக்கிளை ஏற்றிக்கொள்கிறார்கள். அதில் ஏறி வந்த ஒரு பாட்டி தன் பழைய சைக்கிளைச் சுவரோடு சாய்த்து, விழாமல் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டே வந்ததைப் பார்த்தேன். என் பெட்டியை உங்கள் ஆட்களும் அப்படிப் பிடித்திருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. அம்புக்குறி காட்டிய பக்கம் நிற்க வைத்திருந்தால் போதும்.

இந்தக் கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் தொகையை அனுப்புங்கள். தவறினால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவேன். விமானம் சேர்ந்த நாளிலிருந்து இரண்டு வருட அவகாசம் எனக்கு இருக்கிறது. ஆனால் அதுவரை காத்திருக்கும் எண்ணம் இல்லை.

வளைந்த ஃபோர்க், உடைந்த தாங்கி, கிழிந்த பெட்டி மூன்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்கள் தரப்பில் யாராவது நேரில் பார்க்க வேண்டுமானால், எந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும் என் வீட்டுக்கு வரலாம். பத்து மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள். அதுவரை சைக்கிளில் வெளியே போயிருப்பேன், இப்போதைக்கு நண்பரின் சைக்கிளில்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள பயணி

இணைப்பு: போர்டிங் பாஸ், உடைமை டேக் பிரதிகள், விமான நிலையச் சேத அறிக்கை, படங்கள், பட்டறை அறிக்கை, ரசீதுகள், ஜூலை 8 அன்று அனுப்பிய புகாரின் பிரதி.