ரக்கூன் குட்டிகளை அநாதையாக்குவது யார்?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சித்திரை, வைகாசி மாதங்கள் வந்தால், தாயில்லாத ரக்கூன் (வீட்டுக் கூரைகளுக்குள்ளும் தங்கும் சிறு காட்டு விலங்கு) குட்டிகளை வீட்டிலேயே பால் கொடுத்து வளர்த்துப் பின்னர் அருகிலுள்ள பூங்காவில் விட்டுவிடலாமா என்ற கேள்வி கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் வாழும் நம்மவர்களிடமிருந்து தவறாமல் வருகிறது. காட்டுயிர் மறுவாழ்வுப் பணியில் தன்னார்வலராக ஈடுபட்டுவரும் நான், அக்குட்டிகள் எப்படித் தாயை இழந்தன என்பதிலிருந்தே பதிலைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

வீதியில் வாகனத்தில் அடிபட்டுச் சாகும் தாய்களும் உண்டு என்றாலும், பல குட்டிகளை அநாதையாக்குபவர்கள் வீட்டுக்காரர்களே. பெண் ரக்கூன் ஏறத்தாழ 63 நாட்கள் சினையாக இருந்து, வழக்கமாக மூன்று முதல் ஐந்து வரையான குட்டிகளை இருட்டும் கதகதப்பும் உள்ள இடத்தில் ஈனுகிறது. கண் திறக்கவே ஏறக்குறைய மூன்று கிழமை எடுக்கும் அக்குட்டிகள் கூரைத்தட்டில் கிடக்க, தாயை மட்டும் பொறிவைத்துப் பிடித்து அப்புறப்படுத்திவிட்டு ஓட்டையை அடைத்தால், அடுத்த இரவே உட்கூரையிலிருந்து அழுகுரல் கேட்கத்தான் செய்யும். பிடித்த விலங்கை ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் கொண்டுபோய் விடுவதை ஒன்ராறியோச் சட்டம் தடைசெய்கிறது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

தாய் அருகில் எங்காவது இருக்கக்கூடுமெனில், குட்டிகளை மட்டைப் பெட்டியொன்றில் வைத்து, துணியில் சுற்றிய சுடுநீர்ப் போத்தலையும் உள்ளே வைத்து, பொழுதுபடும் நேரத்தில் அவை கிடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே விட்டு விலகிவிட வேண்டும். தாய் ரக்கூனுக்குப் பெரும்பாலும் மாற்றிடம் ஒன்று இருக்கும். பூனையைப்போல் குட்டியின் பிடரியைக் கவ்வி, ஒவ்வொன்றாக அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

தாய் வரவே இல்லையென்றால், 1997ஆம் ஆண்டின் மீன், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அனுமதி பெற்ற பராமரிப்பாளரிடமோ மிருக வைத்தியரிடமோ 24 மணி நேரத்துக்குள் அவற்றை ஒப்படைக்க வேண்டும். இது வெறும் சட்ட நுணுக்கமன்று. உடல் குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் கொடுத்தால் அதனால் செரிக்க முடியாது. பசும்பால் வயிற்றோட்டத்தைத் தருகிறது. மல்லாக்கப் பிடித்துப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடுகிறது. குட்டியைக் குப்புறக் கிடத்தி, தலையைச் சற்றே உயர்த்தி, பூனைக்குட்டிகளுக்கான பால்மாவைக் கரைத்துச் சிறுகச் சிறுகக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் இளஞ்சூடான நீரில் நனைத்த துணியால் அடிவயிற்றைத் துடைத்துவிட்டால்தான் அது சிறுநீரே கழிக்கும்.

பால்குடிப் பருவத்தைத் தாண்டினாலும் வேலை முடிவதில்லை. மனிதர் மடியில் தனியாக வளர்ந்த ரக்கூன் நாயையும் மனிதரையும் கண்டு ஒதுங்காது. ஆகவே ஒற்றைக் குட்டியை வேறு குட்டிகளோடு சேர்த்து, மனிதக் குரல் அதிகம் கேட்காதபடி வெளிக்கூண்டில் விடுகிறோம். அங்கே அகன்ற நீர்த்தட்டில் கூனியோ நண்டோ போட்டால், குட்டி எங்கோ பார்த்தபடி இரு முன்கைகளையும் அமிழ்த்தி, விரல்களாலேயே தடவித் தேடிப் பிடிக்கும். இதையும் மரமேறுவதையும் நன்கு பழகிய பின்னரே, பெரும்பாலும் புரட்டாதி மாதமளவில், அவை விடுவிக்கப்படுகின்றன. இவ்வாறு பராமரிக்கப்பட்ட குட்டிகளைக் கண்டெடுத்த இடத்திலிருந்து 15 கிலோமீற்றருக்குள் விட வேண்டியிருப்பதால், ஒப்படைக்கும்போது சரியான முகவரியைச் சொல்ல மறக்கக் கூடாது.

பிள்ளைகளின் கையில் குட்டியைக் கொடுத்துப் படம் எடுப்போருக்கும் ஒரு வார்த்தை. ரக்கூனின் எச்சத்திலுள்ள உருளைப்புழு முட்டைகள் மனித மூளையைப் பாதிக்கக்கூடியவை. 2015 டிசம்பரில் ஹமில்ரன் நகரில் ரக்கூன் விசர்நோய் (ரேபிஸ்) கண்டறியப்பட்டதையும் நினைவிற்கொள்ள வேண்டும். குட்டி யாரையேனும் கடித்துவிட்டால் விசர்நோய்ப் பரிசோதனைக்காக அதைக் கொல்ல நேரிடலாம்.

இங்குள்ள மறுவாழ்வு நிலையங்கள் பெரும்பாலும் நன்கொடையிலும் தன்னார்வலர் உழைப்பிலும் இயங்குகின்றன. இளவேனிலில் அவை நிரம்பிவிடுவதால் இடமில்லை என்ற பதிலே பலருக்குக் கிடைக்கிறது. எனவே ரக்கூன் அகற்றும் நிறுவனத்தோடு ஒப்பந்தம் எழுதுமுன், குட்டிகள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். தாயும் குட்டிகளும் சேரும்வரை காத்திருப்போம் என்று எழுத்தில் தராதவர்களுக்கு அந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

இங்ஙனம்,
காட்டுயிர் மறுவாழ்வுத் தன்னார்வலர்,
ஸ்காபரோ