பேருந்துத் தரவு செயலிக்குள் அடைபட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெங்களூரு சிவாஜிநகரிலிருந்து பேருந்தில் மெஜஸ்டிக் வந்து, மெட்ரோ ஏறி, ஆர்.வி.ரோட்டில் மஞ்சள் பாதைக்கு மாறி பொம்மசந்திரா போகிறவர் இன்று என்ன செய்கிறார்? பேருந்துக்கு 'நம்ம பிஎம்டிசி' செயலி, மெட்ரோவுக்கு வேறொன்று, கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு ஆட்டோ செயலி. மூன்றையும் திறந்து மனக்கணக்குப் போடுகிறார். நான்காவதாக ஒரு செயலி வந்தால் இது தீராது. ஒவ்வொரு நிறுவனமும் தன் கால அட்டவணையையும் வண்டிகளின் இருப்பிடத்தையும் யாரும் எடுத்துக்கொள்ளும்படி மாறாத ஓர் இணைய முகவரியில் வைத்தால், செயலி செய்ய இந்த ஊரில் ஆள் பஞ்சமா? டெல்லி அரசு 2018-இலேயே ஐஐஐடி-டெல்லி என்ற தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்துடன் சேர்ந்து இப்படி ஒரு தளத்தைத் திறந்து, பேருந்துகளின் நேரலை இருப்பிடத்தையும் அதில் கொடுத்தது.

தரவை எந்த வடிவத்தில் வெளியிடுவது என்று புதிதாக யோசிக்கத் தேவையில்லை. 2005-இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரப் பேருந்து நிறுவனமும் கூகுளும் தொடங்கிவைத்த ஜிடிஎஃப்எஸ் என்ற கால அட்டவணைத் தரவு வடிவம் இன்று உலகெங்கும் புழங்குகிறது. ஒரு ஜிப் கோப்புக்குள் சில உரைக்கோப்புகள், அவ்வளவுதான்: நிறுத்தங்கள், தடங்கள், நடைகள் (வண்டி ஒரு தடவை தடத்தில் ஓடுவது ஒரு நடை), ஒவ்வொரு நடையும் ஒவ்வொரு நிறுத்தத்தைத் தொடும் நேரம், எந்தக் கிழமை ஓடும் என்ற நாட்காட்டி.

சிக்கல் உள்ளே போடும் விவரத்தில்தான். மெட்ரோ நிலையப் பலகையில் ஹலசூரு. அதே இடம் நம்மவர் வாயில் அல்சூர். பெயரை வைத்துப் பேருந்தையும் மெட்ரோவையும் இணைக்கப் போனால் கணினிக்கு இரண்டும் வேறு வேறு ஊர். எனவே நிறுத்தத்துக்கு மாறாத எண் வேண்டும், சாலையின் இரு பக்கத்துக்கும் தனித்தனியாக. அந்த எண் பூஜ்யத்தில் தொடங்கினால் எக்செல் அதைத் தின்றுவிடும். உரையாகவே சேமிக்க வேண்டும். அட்சரேகை, தீர்க்கரேகையைத் தசமத்துக்குப் பின் மூன்று இலக்கத்தோடு வெட்டினால் புள்ளி நூறு மீட்டர் வரை நகரும். ஐந்து இலக்கம் இருந்தால் பிழை ஒரு மீட்டர் அளவில் நிற்கும். அவுட்டர் ரிங் ரோட்டில் நூறு மீட்டர் என்றால் எதிர்ப்பக்க நிறுத்தம். நடைமேம்பாலம் ஏறி இறங்குவதற்குள் 500-டி பேருந்து போய்விடும்.

இரவு 11:40-க்குக் கிளம்பி 12:50-க்குச் சேரும் வண்டியின் சேரும் நேரத்தை 24:50:00 என்றுதான் எழுத வேண்டும். 00:50:00 என்று எழுதினால் கிளம்புமுன்பே வந்து சேர்ந்த பேருந்தாகிவிடும். சனிக்கிழமை இரவு நடை, நள்ளிரவு தாண்டினாலும் சனிக்கிழமைக் கணக்குத்தான்.

நேரலையில் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. ஜிபிஎஸ் கருவிக்குத் தெரிவது தான் எந்த வண்டியில் இருக்கிறோம், அது எங்கே நிற்கிறது என்பது மட்டும். அந்த வண்டி இன்று எந்த நடையை ஓட்டுகிறது என்பது டிப்போவுக்குத்தான் தெரியும். காலையில் ஒரு வண்டி பிரேக்டவுன் ஆகி மாற்று வண்டி போயிருக்கும்; கணினியில் பழைய எண்ணே இருக்கும். ஷெட்டில் நிற்கும் பேருந்துக்காக ஜனங்கள் நிறுத்தத்தில் காத்திருப்பார்கள். உண்மையில் வருகிற வண்டி திரையில் இருக்காது. "காட்டுது, ஆனா வரல" என்ற புகாரில் செயற்கைக்கோளைவிட இந்த ஒரு பதிவுக்கே பங்கு அதிகம் என்பது எங்கள் கணிப்பு. மாற்று வண்டி கேட்டைத் தாண்டுமுன் பதிவை மாற்றுவது டிப்போவின் அன்றாட வேலையாக வேண்டும். இருப்பிடம் 30 நொடிக்கு ஒருமுறையாவது புதுப்பிக்கப்பட வேண்டும்; 90 நொடிக்கு மேல் பழையது திரைக்கு வரக் கூடாது. சிக்னல் விட்டுப்போன வண்டியை அதே இடத்தில் நிற்பதாகக் காட்டுவதைவிட ஒன்றும் காட்டாமலிருப்பது மேல்.

பேருந்தின் இருப்பிடம் பொதுச் செய்தி. பயணியின் இருப்பிடம் அப்படியல்ல. கார்டு, டிக்கெட் பதிவுகளை நிறுத்தவாரியாக, மணிவாரியாகக் கூட்டிய எண்ணிக்கையாக மட்டுமே தர வேண்டும். 2014-இல் நியூயார்க் டாக்சிப் பயணப் பதிவுகள் வண்டி எண்ணை மறைத்துத் தரப்பட்டன. சாத்தியமான எண்கள் குறைவு என்பதால் மறைப்பு சில மணி நேரத்திலேயே உடைந்தது.

உரிமத்துக்கும் வழி இருக்கிறது. அரசுத் தரவுக்கான திறந்த உரிமம் 2017 முதல் நம் நாட்டில் உண்டு. அதன்கீழ் வெளியிட்டால் ஆளுக்கொரு ஒப்பந்தம் போட வேண்டாம்.

முதலில் கால அட்டவணை வரட்டும், நேரலை பிறகு. ஏற்றுமுன் இலவசச் சரிபார்ப்பு மென்பொருளில் ஓட்டினால் நள்ளிரவுப் பிழை அங்கேயே மாட்டும். எதிர்ப்பக்கம் போன நிறுத்தம் மாட்டாது. அதற்கு ஒருவர் தடத்தில் போய்ப் பார்த்துத்தான் ஆக வேண்டும். பெயர்களுக்கான மொழிபெயர்ப்புக் கோப்பும் இந்த வடிவத்தில் உண்டு. கன்னடம், ஆங்கிலத்தோடு தமிழையும் சேர்க்க இடமிருக்கிறது. தட்டச்சு செய்துதர அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் ஆட்கள் கிடைப்பார்கள்.

இப்படிக்கு,
போக்குவரத்துத் தரவுப் பணியில் உள்ள வாசகர்கள்,
அல்சூர், பெங்களூரு.