டை அடித்த கதை

அன்புள்ள செல்வம்,

கல்யாணப் போட்டோவில் என் முகம் ஏன் வீங்கியிருக்கிறது என்று கேட்டிருந்தாய். குடித்துவிட்டு அல்ல, நம்பு. முந்தின நாளுக்கு முந்தின நாள் டை அடித்தேன், அவ்வளவுதான். பதினைந்து வருடமாக அதே டை, அதே கிண்ணம், இந்த முறை மட்டும் கண் திறக்க முடியவில்லை. தோல் டாக்டர் முதுகில் மருந்துப் பட்டை ஒட்டி, 48 மணி நேரம் கழித்துப் பிரித்துப் பார்த்துவிட்டு, பாராஃபினைலீன்டயமின் என்றார், டையில் கறுப்பு ஏற்றுகிற பொருள்.

நாற்பது வருடம் கெமிஸ்ட்ரி நடத்தியவனுக்கு இது அவமானம்! அதன் மூலக்கூறு எடை வெறும் 108. அந்தத் தம்மாத்துண்டு தனியாக வந்தால் உடம்பு கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. காற்று பட்டு ஆக்சிஜனேற்றம் ஆகி, நம் தோலின் புரதத்திலேயே போய் ஒட்டிக்கொண்ட பிறகுதான், ஆகா, இது யாரோ வேற்றாள் என்று உடம்பு கிளம்புகிறது. இந்த மாதிரிச் சில்லறைப் பொருளுக்குத்தான் லாண்ட்ஸ்டெய்னர் 1921இல் ஹாப்டன் என்று பேர் வைத்தார். ரத்தப் பிரிவு கண்டுபிடித்த அதே ஆள்.

லேபில் அஸோ சாயம் செய்து கையெல்லாம் ஆரஞ்சாகத் திரிந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அந்த வினையை வைத்துத்தான் அவர் சின்னச் சின்னப் பொருட்களைப் புரதத்தில் கோத்து முயலுக்கு ஊசி போட்டார். அந்தப் பொருளின் பென்சீன் வளையத்தில் ஒரு சல்ஃபோனிக் தொகுதியை மெட்டா இடத்திலிருந்து பக்கத்துப் பாரா இடத்துக்கு நகர்த்தினாலே, அதைப் பிடிக்க முயலின் ரத்தத்தில் உண்டான எதிர்ப்பொருள் என்ற புரதம் சரியாகப் பிடிக்கவில்லை. நம் புளியில் இருக்கிற டார்டாரிக் அமிலத்துக்கு, கண்ணாடிப் பிம்பம் மாதிரி இட, வல வடிவங்கள் உண்டே, அந்த வித்தியாசம்கூட அதற்குத் தெரிந்தது. இயற்கையில் முயல் பார்த்தே இராத பொருளுக்கும் எதிர்ப்பொருள் வருகிறது என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

அப்புறம் 1942இல் லாண்ட்ஸ்டெய்னரும் அவருடன் வேலை செய்த சேஸும் செய்தது. ஒவ்வாமை வந்த கினிப்பன்றியின் சீரத்தை, அதாவது எதிர்ப்பொருள் இருக்கிற ரத்த நீரை, வேறொன்றுக்கு ஏற்றினால் ஒன்றுமில்லை. அதன் வெள்ளை அணுச் செல்களை ஏற்றினால் ஒவ்வாமையும் கூடவே போனது. என் முகமும் அந்தச் செல்களின் கைங்கரியம்தான், அதனால்தான் உடனே வீங்காமல் இரண்டு நாள் கழித்து, சரியாக முகூர்த்தத்தன்று வீங்கியது.

இப்போது முழு வெள்ளை. பஸ் ஸ்டாண்டில் பார்த்துவிட்டு யாரோ என்று போய்விடாதே. கறுப்பு மருதாணி என்று விற்கிறார்களே, அதில் பெரும்பாலும் இதே சரக்குதான். பேத்தி கையில் வைக்க விடாதே.

அன்புடன்,
ராஜு