அடிமூட்டை மஞ்சள்

சிவகிரி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கண்ணு,

நேற்று நீ போனில் சொன்னதே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்பது வருடமாகக் கணினி நிரல் எழுதுகிறவர்களுக்கு இணையத்தில் பதில் சொல்லிவந்த புனைபெயரை விட்டுவிட்டு, வேறு பெயரில் தொடங்கப்போகிறேன் என்றாய். ஒரு பதில் தப்பாகிவிட்டது, நாலு பேர் பேசிவிட்டார்கள், அவ்வளவுதானே?

முகம் தெரியாத இடத்தில் பெயருக்கு என்ன மதிப்பு என்று முன்பு நானும் கேட்டேன். முப்பது வருடம் குறுந்தொகை நடத்தியவள் கேட்கிற கேள்வியா அது! நாற்பதாம் பாட்டைப் பாடியவரின் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. பாட்டில் வைத்த உவமையே பெயராகிச் செம்புலப்பெயல்நீரார் ஆனார். அடுத்த பாட்டுக்காரர் அணிலாடு முன்றிலார். மதுபான ஆலையில் வேலை செய்த கோசெட் 1908இல் 'ஸ்டூடன்ட்' என்ற பெயரில் எழுதிய புள்ளியியல் சோதனை இன்றும் அந்தப் பெயரில்தான் வழங்குகிறது என்று நீதானே எனக்குச் சொன்னாய்?

சின்ன வயதில் என் அப்பாவோடு, அதுதான் உன் அப்புச்சியோடு, ஈரோட்டு மஞ்சள் மண்டிக்குப் போவேன். புது ஆளின் மூட்டை என்றால் வியாபாரி முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து அள்ளி, ஒரு மஞ்சள் விரலியை ஒடித்து உள்நிறம் பார்ப்பார். எங்கள் மூட்டையில் மேலாக ஒன்றை எடுத்து ஒடிப்பார், அதோடு சரி. ஒரு வருடம் மஞ்சளை வேகவைத்ததில் வேக்காடு போதாமல் போய்விட்டது. மாமன் பெயரில் போட்டுவிடலாம் என்றாள் உன் அம்மாயி. அப்புச்சி கேட்கவில்லை. "இந்தத் தடவை சரியாக வேகவில்லைங்க, பார்த்து விலை போடுங்க" என்று தானே போய்ச் சொன்னார். விலை இறங்கியது. வீட்டில் இரண்டு நாள் அம்மாயி அவரோடு பேசவில்லை. மறுவருடம் எங்கள் மூட்டைக்குள்ளும் கை அடிவரை போனது. அதற்கடுத்த வருடம் பழையபடி மேலாக ஒன்றுதான்.

புதுப் பெயர் எடுக்கக் காசு எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. ஏமாற்றிவிட்டு ஓடியவனும் அதைத்தான் எடுத்துக்கொள்கிறான். பிறகு புதிதாக வருகிற எல்லோருடைய மூட்டையிலும் கை அடிவரை போகாமல் என்ன செய்யும்? மிரட்டலுக்குப் பயந்து பெயர் மாற்றுகிறவர்களைச் சொல்லவில்லை, அது வேறு கதை. உனக்கு வந்தது வெறும் வெட்கம்.

அந்தப் பதிலுக்குக் கீழேயே தப்பு எங்கே என்று எழுதிவிடு, சாமி. ஆடிப்பெருக்குக்கு வருவாயா? கொடுமுடிக்குப் போகலாம் என்கிறார் அப்பா. வருவதானால் முன்னாடியே சொல், கச்சாயத்துக்கு மாவு இடிக்க வேண்டும்.

அம்மா