அண்ணாச்சிக்கு, பன்னிரண்டு வருஷம் கழித்து (2025)

அன்புள்ள அண்ணாச்சி,

நம் ஹாக்கி கிளப்பின் கோச் வேலையிலிருந்து உங்களை அனுப்பி வருகிற சனிக்கிழமையோடு பன்னிரண்டு வருஷம். உங்கள் பழைய நம்பருக்கு இரண்டு தடவை அடித்தேன், வேறு யாரோ எடுத்தார்கள். உங்கள் மகள் நான் எழுதுவதை எப்போதாவது படிப்பாள் என்று கேள்விப்பட்டேன். அதனால் இங்கேயே எழுதுகிறேன். கோவில்பட்டிக்காரர்களும் படிப்பார்கள் என்பதால் பெயர்களை விட்டுவிடுகிறேன். உங்களுக்குப் பெயர் தேவைப்படாது.

நேற்று ராத்திரி மறுபடியும் ஒரு தாள் வந்தது. கிளப்பில் இப்போது இருக்கிற கோச்சை மாற்ற வேண்டுமாம். ஏழு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், எட்டாவது இடம் எனக்கு. நான் போடவில்லை. காரணம் கேட்டார்கள், வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அந்தக் காரணத்தை உங்களிடம்தான் சொல்ல முடியும்.

இந்த ஜூன் மாத ஆட்டங்களை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க மாட்டீர்கள். புரோ லீக் சர்வதேசத் தொடரில் இந்தியாவுக்கு நெதர்லாந்து, அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா, அப்புறம் பெல்ஜியம் என்று வரிசையாக ஏழு தோல்வி. டீக்கடையில் இந்திய அணியின் கோச் ஃபுல்டனை ஏழு தடவை வேலையை விட்டுத் தூக்கினார்கள். கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் போன பிறகு கோலில் கிருஷன் பதக்கா, சூரஜ் கர்கேராவா என்று ஒரு சண்டை. ஹர்மன்பிரீத்தை கேப்டன் பொறுப்பிலிருந்து எடு என்று ஒருவர், தடுத்து ஆடுகிற இந்த ஆட்டமே நமக்கு ஒத்துவராது என்று இன்னொருவர். முதல் நாலு ஆட்டம் வரைக்கும் நானும் அவர்களோடு சேர்ந்துதான் கத்தினேன். அப்புறம் வீட்டுக்கு வந்து ஸ்கோரை வரிசையாக எழுதிப் பார்த்தேன். கடைசியில் ஏழில் ஆறு தோல்வி ஒரே ஒரு கோல் வித்தியாசம். போன வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய அதே கோச். "எத்தனை பெனால்டி கார்னர் கெடச்சுது, எத்தன உள்ள போச்சு, அதச் சொல்லிட்டு ஆளத் திட்டு" என்று நீங்கள் சொல்வது காதில் கேட்டது.

அன்றைக்கு எனக்கு அது கேட்கவில்லை. லண்டன் ஒலிம்பிக் முடிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆறு ஆட்டம், ஆறும் தோல்வி, பன்னிரண்டு நாட்டில் பன்னிரண்டாவது இடம். எட்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கிய நாடு. அந்த எரிச்சலை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் அலைந்தேன். நம் பையன்களும் அந்த சீசனில் ஜெயிக்கவில்லை. மண்ணில் பழகிவிட்டு டர்ஃபில் இறங்கினால் பந்து அவர்களுக்கு முன்னாலேயே ஓடியது. 1976இல் மாண்ட்ரீலில் செயற்கைத் தரை வந்ததிலிருந்தே நமக்கு இதே கதைதான் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள். நான் அதைச் சாக்கு என்றேன்.

அந்தச் சாயங்காலம் நாங்கள் மூன்று பேர் வந்தபோது நீங்கள் வேப்பமரத்தடியில் கோல்கீப்பர் பேடை மடியில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தீர்கள். கோணூசி, சணல். பின்பக்கத்து வார் அறுந்து தொங்கியது. நனைந்த பஞ்சு நாற்றம். ஊசி உள்ளே போகாமல் மக்கர் பண்ண, அதன் அடியைச் செருப்பில் வைத்து அழுத்தினீர்கள். எங்களில் மூத்தவர் தாளை நீட்டினார். நீங்கள் வாங்கவில்லை, கை இரண்டும் வேலையில் இருந்தது. அவரே படித்தார். கடைசியில் என் பெயரும் வந்தது. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தீர்கள், அதுவும் என்னைப் பார்க்கவில்லை, ஊசியில் நூல் கோக்க வெளிச்சம் பார்த்தீர்கள். "இந்த வாரைத் தச்சு முடிச்சிட்டுப் போயிருதேன். நாளைக்கு அவனுக்கு மேட்ச் இருக்கு" என்றீர்கள். மற்ற இரண்டு பேரும் கிளம்பிவிட்டார்கள். நான் நின்றேன். இன்னும் ஆறேழு தையல் இருக்கும். முடித்து, பல்லால் சணலைக் கடித்து அறுத்து, விசிலையும் ரூம் சாவியையும் பேடுக்குள் வைத்து என் கையில் கொடுத்தீர்கள். கனமாக இருந்தது அண்ணாச்சி. அன்றைக்கு ஒரு வார்த்தை பேசியிருந்தால் இந்தக் கடிதமே வேண்டாம்.

என்னை மன்னியுங்கள். என் தம்பியை ஃபைனலில் உட்கார வைத்த கோபத்தில்தான் கையெழுத்துப் போட்டேன் என்று ஊரில் பேசினார்கள். அதற்காக இல்லை. அப்படித்தான் பன்னிரண்டு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருகிறேன். அவனைவிட அந்த லெஃப்ட் அவுட் பையன் வேகம் என்று எனக்கும் தெரியும். தெரிந்துதான் போட்டேன். கமிட்டிக்குள் அன்றைக்கு நடந்த மற்ற பேச்சை இங்கே எழுத மாட்டேன், அதில் இருந்த ஒருவர் இப்போது உயிரோடு இல்லை.

ஆனால் நீங்கள் செய்தது மட்டும் நியாயமா? எங்கள் மேல் கோபம் என்றால் எங்களோடு. பையன்கள் என்ன செய்தார்கள்? ஒரு வாரம் விடியற்காலை ஐந்தரைக்கு ஸ்டிக்கோடு வந்து கேட்டருகே நின்றார்கள். அண்ணாச்சி ஊருக்குப் போயிருக்கார் என்று நான்தான் பொய் சொன்னேன். அந்த கோல்கீப்பர் அந்த வருஷத்தோடு ஆட்டத்தை விட்டு தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்விட்டான். ஒரு தடவை வந்து அவர்களிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அதை நினைத்தால் இன்றைக்கும் உங்கள் மேல் ஆத்திரம்தான் வருகிறது.

உங்களை அனுப்பிய மறுமாதமே இந்திய அணியின் கோச் நாப்ஸையும் அனுப்பினார்கள். நாம் செய்தது சரி என்று எனக்குச் சந்தோஷம். அப்புறம் வால்ஷ் வந்தார், இன்ச்சியானில் ஆசியத் தங்கம் வாங்கிக் கொடுத்துவிட்டு அந்த வருஷமே போனார். வான் ஆஸ், ஓல்ட்மன்ஸ், மரைன், ஹரேந்திர சிங். 2019இல் ரீட் வந்தபோது எட்டு வருஷத்தில் ஏழாவது ஆள். அவரை இரண்டு வருஷத்துக்கு மேல் விட்டு வைத்ததால் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனியை 5-4 என்று ஜெயித்தோம், 41 வருஷத்துக்குப் பிறகு பதக்கம். நம் கிளப்பிலும் நாலு வருஷத்தில் மூன்று பேரை மாற்றினோம். எங்களுக்கு ஒரு டோக்கியோவும் வரவில்லை.

2006 உலகக் கோப்பையில் பதினொன்றாவது இடம் வந்ததும் கோச் பாஸ்கரனை எல்லாரும் திட்டியபோது நீங்கள் ஒருவர்தான் சண்டைக்கு நின்றீர்கள். மாஸ்கோவில் தங்கம் வாங்கிய கேப்டனுக்கு விளையாட்டுத் தெரியாதா என்று கேட்டீர்கள். "டீம் எப்பக் கெட்டுச்சுன்னு பாரு, கோச் எப்ப வந்தான்னு பாக்காத." உங்களுக்காக அப்படிச் சண்டை போட நான் இல்லை.

2023 ஆகஸ்டில் எழும்பூர் ஸ்டேடியத்தில் உங்களைப் பார்த்தேன். மலேசியாவோடு ஃபைனல், பாதி ஆட்டத்தில் 1-3. எனக்குப் பின்னால் யாரோ கோச்சைத் திட்டிக்கொண்டிருந்தார். கீழ் வரிசையில் தோளில் துண்டோடு நீங்கள். 4-3 என்று ஜெயித்து எல்லாரும் எழுந்து ஆடினார்கள், நீங்கள் உட்கார்ந்தபடியே கண்ணைத் துடைத்தீர்கள். ஐந்து வரிசை இறங்கி வந்தால் போதும். வரவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் ராஜ்கிரில் ஆசியக் கோப்பை. ஜெயித்தால் நேராக உலகக் கோப்பைக்குப் போகலாம். டீமை இன்னும் அறிவிக்கவில்லை. நீங்கள் இந்நேரம் நோட்டில் பேரெழுதி அடித்துத் திருத்திக்கொண்டிருப்பீர்கள். என் பட்டியலில் பதக், கர்கேரா இரண்டு பேரும் இருக்கிறார்கள். ஹர்மன்பிரீத்துக்கு அடுத்து பெனால்டி கார்னருக்கு ஜுக்ராஜ். நடுக்களத்தில் ஒரு இடம் எனக்கு ஓடவே மாட்டேன் என்கிறது. உங்கள் பட்டியலை மகளிடம் கொடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.